ஊசி மருந்தும் ஊர்ப் பயணமும்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் திருமணங்களும் திருவிழாக்களும் நம் குடும்பங்களை அழைத்த வண்ணம் இருக்கும். ஆயினும் சில இல்லங்களில், "நீங்கள் போய் வாருங்கள், நானும் பிள்ளையும் வீட்டோடு இருந்துகொள்கிறோம்" என்று தாய் ஒதுங்கிவிடுவதை நாம் கண்டு வருகிறோம். அப்பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு. நாள்தோறும் பலமுறை இன்சுலின் ஊசி போட வேண்டிய பிள்ளையுடன் எங்ஙனம் ஊர் செல்வது என்ற அச்சமே காரணம்.

இந்நோய் இனிப்புத் தின்றதால் வந்ததன்று. பெற்றோரின் பிழையாலும் வந்ததன்று. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் விளைவது. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ப்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோயுற்ற பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்றோ அவர்கள் பள்ளி செல்லலாம், விளையாடலாம், பயணமும் செய்யலாம். மருந்து அளித்த விடுதலையை நம் அச்சம் பறித்துக்கொள்ளலாமா?

பயணத்தில் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, மருந்தின் காப்பு. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும். உறைந்துபோன மருந்து பயன்படாது. ஆகவே பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தலாகாது. வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்வதும் தவறு. குளிர்பதனப் பெட்டி இல்லாத ஊரில், பானைக்குள் சிறு பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி நிழலில் வைத்தால், கடும் வெப்பத்தினின்று மருந்தை ஓரளவு காக்கலாம். தேவைக்கு இருமடங்கு மருந்தும் ஊசியும் எடுத்து, இரு பைகளில் பிரித்துக் கையோடு கொண்டு செல்க.

இரண்டாவது, உணவு வேளை. பந்தி எப்போது தொடங்கும் என்பது சில வேளைகளில் திருமண வீட்டாருக்கே தெரிவதில்லை. சாப்பாட்டிற்குரிய ஊசியைப் போட்டபின் சாப்பாடு தாமதித்தால் இரத்தத்தில் சர்க்கரை சடுதியில் குறைந்துவிடும். எனவே உணவு வருவதை உறுதி செய்துகொண்ட பின்னரே ஊசி போடுக.

மூன்றாவது, அபாயக் குறிகள். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். அளவு 70-க்குக் கீழ் இருந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இத்தனையும் தாய் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருப்பதுதான் பல இல்லங்களின் பெருங்குறை. தந்தையரே, அலுவல் மிகுதி என்று சொல்லி விலகாதீர்கள். ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள். அண்ணனும் அக்காளும் பாட்டியும் அபாயக் குறிகளை அறிந்திருக்கட்டும். "பெண்பிள்ளையாயிற்றே, வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையுமா?" என்று நோயை மறைப்போரும் உளர். கூட்டத்தில் பிள்ளை மயங்கி விழுந்தால், விவரம் அறியாத உறவினர் எவ்வாறு உதவுவர்? மறைப்பது மானத்தைக் காப்பதாகத் தோன்றலாம். பிள்ளையின் உயிரையோ அது காப்பதில்லை.

உறவினர்களே, இத்தகைய பிள்ளை உங்கள் இல்லம் வரும்போது இரக்கப் பேச்சு வேண்டா. சாப்பாட்டு வேளையை முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து வைக்கக் குளிர்ந்த இடம் ஒன்று கொடுங்கள். பலர் சுமந்தால் பாரம் இலேசாகும். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டு, பிள்ளையையும் தாயையும் நம்மோடு அழைத்துச் செல்வோமாக.