குளிர்ந்த நீரில் காப்பி இறங்குமா?

வீட்டில் காப்பி கலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூளில் கொதிநீரை ஊற்றினால் நான்கைந்து நிமிடத்தில் சாறு கறுப்பாக இறங்கிவிடும். காப்பிக் கடையில் துணி வடிகட்டியைத் தூக்கி ஊற்றும்போதும் ஆவி பறக்கும். சூடு இல்லாமல் காப்பி ஏது?

ஆனால், பேரங்காடிகளில் போத்தலில் விற்கப்படும் ‘கோல்ட் புரூ’ காப்பிக்கு அடுப்பே தேவையில்லை. தூளைக் குளிர்ந்த நீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள், அவ்வளவுதான். இது ஐஸ் காப்பி அன்று. ஐஸ் காப்பி சூடாகத் தயாரித்துப் பின்னர் குளிர வைப்பது. இதுவோ தொடக்கம் முதலே சூட்டைக் காணாதது.

வெந்நீர் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்குக் குளிர்நீருக்கு ஏன் இவ்வளவு நேரம்?

கரைதிறன் வேறு, கரையும் வேகம் வேறு

“குளிர்ந்த நீரில் காஃபீன் சரியாகக் கரையாது, அதனால்தான்” என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிலிட்டர் கொதிநீரில் ஏறக்குறைய 66 கிராம் காஃபீன் கரையும். 25 பாகை செல்சியஸ் நீரில் 2 கிராம்தான் கரையும். வேறுபாடு பெரிதுதான். ஆனால், 10 கிராம் அராபிக்கா காப்பித் தூளில் இருக்கும் காஃபீனே சுமார் 0.12 கிராம்தான்! இரண்டு கிராமுக்கு இடம் இருக்கும் நீரில் 0.12 கிராம் கரைய என்ன தடை? குளிர்பதனப் பெட்டியில் கரைதிறன் இன்னும் குறையும். அப்போதும் இடம் போதும்.

ஆகவே, சிக்கல் இடத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. அரைத்த காப்பிக் கொட்டையின் ஒவ்வொரு துகளிலும் நுண்ணிய அறைகள் உள்ளன. நீர் உள்ளே புக வேண்டும்; காஃபீன் கரைய வேண்டும்; கரைந்த மூலக்கூறு துகளை விட்டு வெளியேற வேண்டும். இந்தப் பயணம்தான் விரவல். வெப்பம் கூடினால் மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் கூடும். நீரின் பிசுபிசுப்பும் குறையும். பயணம் விரைவாக முடியும். குளிரில் அதே பயணம் ஊர்ந்து நடக்கிறது.

துகளின் அளவும் முக்கியம். விரவலில் கடக்க வேண்டிய தொலைவு இருமடங்கானால், நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

எவ்வளவு நேரம் போதும்? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மேகன் ஃபுல்லரும் நைனி ராவும் 2017-ஆம் ஆண்டில் இதை அளந்தார்கள். அறை வெப்பநிலை நீரில் ஏறக்குறைய 400 நிமிடத்தில், அதாவது ஏழு மணி நேரத்திற்குள், காஃபீன் அளவு ஏறுவது நின்றுவிட்டது.

புளிப்பு குறைவா?

‘கோல்ட் புரூ’வில் அமிலம் குறைவு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதே ஆய்வாளர்கள் 2018-இல் இதையும் சோதித்தார்கள். சூடாகத் தயாரித்தாலும் குளிரில் ஊறவைத்தாலும் காப்பியின் பிஎச் மதிப்பு 4.85-க்கும் 5.13-க்கும் இடையிலேயே இருந்தது. ஆனால், காரத்தைச் சேர்த்து நடுநிலையாக்கி மொத்த அமிலத்தை அளந்தபோது, வெந்நீர்க் காப்பியில்தான் அது அதிகம். பிஎச், தனியாகப் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே காட்டும். காப்பியில் இருப்பவை வலுக்குறைந்த அமிலங்கள். பெரும்பகுதி பிரியாமலே இருக்கும். அதனால்தான் இரண்டு அளவீடுகளும் இரண்டு விதமாகப் பேசுகின்றன. விளம்பரம் சொல்வதில் பாதிதான் உண்மை.

சூடு செய்யும் இன்னொரு வேலை

வெந்நீர், சாற்றை இறக்குவதோடு கிருமிகளையும் கொல்கிறது. குளிர்நீர் அதைச் செய்யாது. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் ஆபத்தான வெப்பநிலை என உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். குளிர்நாட்டுச் செய்முறைகள் ‘மேசைமீது இரவு முழுவதும் வையுங்கள்’ என்று சொல்லலாம். நம் சமையலறையோ 30 பாகையைத் தொடுவது. மேலும், கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, பிஎச் 4.6-க்கு மேல் காற்றில்லாத இடத்தில் வளரக்கூடியது. காப்பியின் பிஎச்சை மேலே பார்த்தோம் அல்லவா? ஆகவே, இறுக மூடிய போத்தலை வெளியே வைக்கவே கூடாது.

வீட்டில் செய்ய

கொதிக்க வைத்து ஆறிய நீர் 500 மில்லிலிட்டர், கரகரப்பாக அரைத்த அராபிக்கா தூள் 50 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் கழுவிய கண்ணாடிச் சாடியில் இரண்டையும் கலந்து மூடி, குளிர்பதனப் பெட்டியில் 16 மணி நேரம் வையுங்கள். பெட்டியின் குளிரில் விரவல் இன்னும் மெதுவாக நடப்பதால்தான் இந்தக் கூடுதல் நேரம். பிறகு, முதலில் சல்லடையிலும் அடுத்துக் காகித வடிகட்டியிலும் வடிகட்டுங்கள். தூள் கொஞ்சம் நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். 400 மில்லிலிட்டர் கிடைத்தாலே நிறைவு. அதையும் குளிரிலேயே வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

குடிக்கும் முன் ஒரு கணக்கு

50 கிராம் தூளில் சுமார் 600 மில்லிகிராம் காஃபீன். 500 மில்லிலிட்டரில் அது கரைந்தால், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 1.2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பதின்ம வயதினருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்கிறது. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 150 மில்லிகிராம். கலக்காத சாற்றை ஒரு குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் குடித்தால் 240 மில்லிகிராம்; எல்லை தாண்டிவிடும்! கசப்புக் குறைவாக இருப்பதால் நாக்கு நம்மை எச்சரிக்காது. எனவே, 50 மில்லிலிட்டர் சாற்றுடன் 150 மில்லிலிட்டர் பாலோ நீரோ சேருங்கள். 60 மில்லிகிராமில் நிற்கும். ரொபஸ்டா தூள் என்றால் காஃபீன் ஏறக்குறைய இருமடங்கு. சாற்றைப் பாதியாகக் குறையுங்கள்.

எஸ்பிஎம் தேர்வுக்கு விழித்துப் படிக்கக் காப்பியை நாடுபவர்களுக்கு ஒரு சொல். உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உங்களோடு விழித்திருக்கும்.

நீங்களே சோதியுங்கள்

மூன்று கண்ணாடிக் குவளைகளில் 5 கிராம் தூளைப் போட்டு, முறையே சூடான நீர், அறை வெப்பநிலை நீர், பெட்டியில் குளிர்ந்த நீர் என 100 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். மூன்றாவது குவளையை உடனே பெட்டிக்குள் வையுங்கள். 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரம் கழித்து நிறத்தைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். இங்கே தற்சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? குறிப்பேட்டில் எழுதுங்கள். சோதனை முடிந்ததும் மூன்றையும் கொட்டிவிடுங்கள். இது பார்ப்பதற்கு மட்டுமே!