உக்ரேனின் 'கொலாச்' ரொட்டி: நடுவில் ஏன் ஓட்டை?

சடை பின்னி வட்டமாகச் சுற்றி வைத்தமாதிரி ஒரு ரொட்டி. நடுவில் ஓர் ஓட்டை. அதில் ஒரு மெழுகுவத்தி.

இதுதான் உக்ரேனியர்களின் கொலாச். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு உணவு மேசையின் நடுவில் இருக்கும்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

ஸ்லாவிய மொழிகளில் 'கொலோ' என்றால் வட்டம், சக்கரம். தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம் நித்தியத்தைக் குறிக்கிறது. 3 ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் உண்டு. அது மூவொரு கடவுளின் அடையாளம்.

மேசையில் இருக்கு, ஆனா சாப்பிடக்கூடாதா?

அன்றிரவு 12 வகை விரத உணவு பரிமாறப்படும். மரபுப்படி இறைச்சி, பால், முட்டை சேர்ப்பதில்லை. கொலாச்சில் முட்டையும் வெண்ணெயும் இருப்பதால் மறுநாள்தான் வெட்டுவார்கள்.

ரொட்டிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

உக்ரேன் கோதுமை விளையும் நாடு. ஆனால் 1932-33இல் சோவியத் அரசாங்கம் விவசாயிகளின் தானியத்தைப் பறித்துக்கொண்டது. மில்லியன் கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அந்தக் கொடுமையின் பெயர் 'ஹொலொடொமோர்'. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் 4ஆவது சனிக்கிழமை அவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது.

எப்படிச் செய்வது?

தேவையானவை: மாவு 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், வெதுவெதுப்பான பால் 200 மில்லிலிட்டர், முட்டை 2, வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு 1 தேக்கரண்டி.

- எல்லாவற்றையும் சேர்த்து 10 நிமிடம் நன்றாகப் பிசையுங்கள்.
- மூடிவைத்து, மாவு இரண்டு மடங்காகும்வரை காத்திருங்கள். சுமார் 1 மணி நேரம் ஆகும். சமையலறை சூடாக இருந்தால் சீக்கிரமே உப்பிவிடும்.
- மாவை 3 நீளமான கயிறுகளாக உருட்டிப் பின்னுங்கள். இறுக்கிப் பின்னினால் வேகும்போது வெடித்துவிடும்.
- வட்டமாக வளைத்து, முனைகளை அழுத்தி ஒட்டுங்கள். நடுவில் வெண்ணெய் தடவிய சிறிய உலோகக் கிண்ணம் ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் மாவு உப்பி ஓட்டை மூடிக்கொள்ளும்!
- இன்னும் 30 நிமிடம் விட்டு, மேலே முட்டை அடித்துப் பூசுங்கள்.
- 180 டிகிரி செல்சியஸில் சுமார் 35 நிமிடம் சுடுங்கள். அடியில் தட்டினால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வரவேண்டும்.

எந்த நாளில்?

2023இல் உக்ரேன், ஜனவரி 7 விடுமுறையைக் கைவிட்டு டிசம்பர் 25ஐ மட்டும் அதிகாரபூர்வ கிறிஸ்துமஸாக வைத்துக்கொண்டது. ரஷ்ய மரபிலிருந்து விலகுவதே நோக்கம். நாள் மாறிவிட்டது, ரொட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.