வேற்றுருவும் தன்னுருவும்

கலைஞன் ஒருவன் தன்னின் வேறான ஓர் ஆளைத் தானே படைத்து, அவ்வாளுக்குப் பெயரும் நடையும் மொழியும் தந்து, அவனாகவே உலகின் முன் தோன்றுதல் கலையுலகில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். ஒரு பாத்திரத்தை ஓரிரவு மேடையில் ஏற்று, விடிந்ததும் அரிதாரத்தோடு களைந்துவிடுதல் ஒரு வகை. படைத்த வேற்றாளைப் பல்லாண்டு சுமந்து, அவன் வாயிலாகவே பேசி, ‘யான் யார்?’ என்னும் வினாவை அவனைக் கொண்டே ஆராய்தல் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகை மேனாட்டார் அண்மைக் காலத்திற் கண்ட புதுமை எனச் சிலர் கருதுவர். அக்கருத்து முற்றிலும் பொருந்துவதன்று. தமிழிலக்கியத்தில் இதற்குத் தொன்மையான சான்றுகள் உள. அவற்றுள் தலையாய ஒன்று யாழ்ப்பாணத்துத் தீவுகளோடு சேர்த்து எண்ணப்படுவதாகும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவென்று கொள்வார் உளர். அவ்வடையாளம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அத்தீவிற் காப்பியத் தலைவிக்கு நேர்ந்தவை இப்பொருளுக்கு மிகவும் இயைபுடையன. அங்குள்ள புத்தபீடிகையைக் கண்டதும் மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். இராகுலனின் மனைவியாகிய இலக்குமியாகத் தான் வாழ்ந்ததை அறிகின்றாள். அதே தீவில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கின்றது. வேற்றுருவெடுத்தல், வானிற் செல்லுதல், பசியைத் தாங்குதல் என்பன அவற்றின் பயன்கள். தன்னை அறிந்த இடத்திலேயே தன்னை மறைக்கும் ஆற்றலும் அவளுக்குக் கிடைக்கின்றது. தன்னறிவும் வேற்றுருவும் ஒன்றுக்கொன்று பகையென்று சாத்தனார் கருதவில்லை என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் வேற்றுரு எடுத்தலின் இடரையும் அவர் மறைத்தாரல்லர். தன்னை விரும்பித் தொடரும் உதயகுமரனிடமிருந்து நீங்குதற்பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் வடிவங் கொள்கின்றாள். காயசண்டிகையைத் தேடிவந்த அவள் கணவன் காஞ்சனன் இவளைத் தன் மனைவியென்றே நம்புகின்றான். இவள் தன்னைப் பொருட்படுத்தாது அரசகுமாரனோடு உரையாடக் கண்டு ஐயுற்று, இரவில் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். காமத்தினின்று தப்ப மேற்கொண்ட உருவம் கொலைக்குக் காரணமாயிற்று. பின்னர் வஞ்சி நகரிலே அவள் ஆண் துறவியின் வடிவெடுத்துச் சமயவாதிகளை அணுகி அவரவர் கொள்கையை வினவுகின்றாள். இம்முறை வேற்றுரு அறிவுக்கு வாயிலாகின்றது. மந்திரம் ஒன்றே, பயன் இரண்டு. உருவத்தை மாற்றியவர் அதனை எதன்பொருட்டு மாற்றினார் என்பதோடு, காண்பார் அதனை எவ்வாறு கொண்டனர் என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

மணிமேகலையின் தாய் மாதவியின் வாழ்விலும் இதற்கொப்ப ஒன்று நிகழ்ந்தது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிற் கோவலன் யாழை வாங்கிப் பாடுகின்றான். வேறொருத்திபால் மனம் வைத்தவன் போல அவன் பாட்டு அமைகின்றது. மாதவியும் அவ்வாறே, வேறொருவன்மேல் உள்ளம் வைத்தாள் ஒருத்தியின் குரலில் மறுமொழியாகப் பாடுகின்றாள். நெய்தல் நிலத்துப் பெண்ணின் குரல் அவள் மேற்கொண்ட குரல். அவளது சொந்தக் குரலன்று. கோவலனோ பாட்டின் குரலையும் பாடியவளின் குரலையும் வேறுபடுத்தி அறியானாய் அவளைப் பிரிந்து செல்கின்றான். கண்ணகியின் துயரும் மதுரையின் எரியும் இப்பிழையினின்றே தொடங்குகின்றன. மேற்கொண்ட குரலை உண்மைக் குரலென மயங்குதல் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டலரிது.

பத்தி இலக்கியத்தில் இம்முறை வேறொரு பயன் கருதி அமைந்தது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை வைணவ உரைகாரர் விரித்துரைப்பர். பெரியாழ்வார் அசோதையாகவும், குலசேகரர் தேவகியாகவும் தயரதனாகவும் நின்று பாடினர். மார்கழியிற் சிவன் கோயில்களில் ஓதப்படும் திருவெம்பாவை கன்னிப் பெண்களின் கூற்றாக மணிவாசகர் அருளியது. அரசர்க்கு அமைச்சராயிருந்த ஒருவர் நீராடச் செல்லும் சிறுமியரின் குரலைத் தேர்ந்தமைக்குக் காரணம் யாது? பதவி, குலம், ஆண்மை என்னும் செருக்குகள் நீங்கியவிடத்தன்றி இறைவன்பால் உள்ள அன்பை முழுதும் உரைத்தல் இயலாது என்பதேயாம். வேற்றுரு இங்கு மறைப்பன்று, மறைப்பாயிருந்தவற்றைக் களைதலாகும்.

இனி, தீவுப்பகுதியின் கூத்து மரபை நோக்குதல் தகும். ஊர்காவற்றுறை, நாரந்தனை, மெலிஞ்சிமுனை முதலிய ஊர்களிற் கத்தோலிக்க மக்கள் தென்மோடிக் கூத்தைப் போற்றி வளர்த்தனர். சைவ மக்களிடையே காத்தவராயன் கூத்து யாழ்ப்பாணமெங்கும் பயின்றது. அண்ணாவியார் ஏட்டைக் கொண்டு பழக்க, பகலில் வலையிழுப்போரும் தோட்டஞ் செய்வோரும் இரவில் அரசராகவும் அமைச்சராகவும் ஆயினர். பெண் பாத்திரங்களையும் நெடுங்காலம் ஆடவரே தாங்கினர். பாத்திரம் களரியில் நுழைகையில் வரவுப் பாட்டு இன்னார் வருகின்றாரென அறிவிக்கும். அவ்வறிவிப்பே கோவலனுக்கு நேர்ந்த மயக்கம் அவையோருக்கு நேராமற் காப்பது. ஆடுவோன் தம்மூரவன் என்பதை அவர் அறிவர்; அவன் அரசனாயிருப்பதையும் அக்கணத்தில் ஏற்பர். இரண்டறிவும் அவர் உள்ளத்தில் ஒருங்கே நிற்கும்.

விடிய விடிய நடக்கும் கூத்துக்களில் ஒரே பாத்திரத்தை ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஏற்றாடும் வழக்கமும் உண்டு. நெடிய கூத்தின் உழைப்பைப் பங்கிடுதலும், ஊரில் ஆட விரும்புவோர் பலர்க்கும் இடமளித்தலும் இதற்குக் காரணங்களாம். உடல் மாறியும் பாத்திரம் மாறுவதில்லை. ஆள் என்பது உடலன்று, பெயரும் பாட்டும் நடையும் கூடிய ஒரு வடிவமே என்பதை எழுத்தறியாத அவையோரும் இதனால் உணர்ந்திருந்தனர்.

மேடையிற் கொண்ட உருவம் கலைஞனின் வாழ்வோடு ஒட்டிவிடுதலும் உண்டு. தமிழகத்து நாடகக் கலைஞர் தி. க. சண்முகம் (1912–1973) ஔவையார் நாடகத்தில் முதுமகளாக நடித்தமையால் ‘ஔவை’ சண்முகம் என்றே வழங்கப்பட்டார். ஆண்மகன் ஒருவரின் பெயர்முன் மூதாட்டியின் பெயர் சிறப்பாக நின்றது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நடித்ததை இன்றும் யாழ்ப்பாணத்து முதியோர் நினைவுகூர்வர். அரிச்சந்திரன் கதையும் வேற்றுருவின் கதையே. அரசன் சுடலை காப்பவனானான். கோலம் முற்றும் மாறியும் வாய்மை மாறவில்லை. கோலத்துக்குட் குலையாது நிற்பது யாது என்னும் வினாவையே அந்நாடகம் ஒவ்வோரிரவும் அவையின் முன் வைத்தது.

மேனாட்டிலும் இவ்வினா வேறு வடிவிற் தோன்றிற்று. இலத்தீன் மொழியில் நாடக முகமூடியைக் குறித்த ‘பெர்சோனா’ என்னும் சொல்லே ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு மூலமாயிற்று. ஒரு காலத்தில் ஊர்காவற்றுறைக் கடலிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் நாட்டில், பெர்னாண்டோ பெசோவா (1888–1935) என்னும் கவிஞர் தோன்றினார். அவர் தம்முள்ளிருந்து வேறு கவிஞர் பலரைப் படைத்தார். அல்பேர்த்தோ கையெய்ரோ நாட்டுப்புறத்தான். ரிக்கார்தோ ரெயிசு மருத்துவன். ஆல்வரோ தெ காம்போசு கப்பற் பொறியியலாளன். ஒவ்வொருவருக்கும் தனி வரலாறும், தனி நடையும், தனிக் கொள்கையும் உண்டு. ஒருவர் கருத்தை மற்றொருவர் மறுத்தெழுதியதும் உண்டு. இவை புனைபெயர்களல்ல. புனைபெயர் ஆளை மறைக்கும். பெசோவா படைத்த பெயர்களோ புதிய ஆட்களை ஆக்கின. கூத்தில் ஒரு பாத்திரத்துக்குப் பல உடல். பெசோவாவிடம் ஓர் உடலுக்குப் பல பாத்திரம். அவ்வாறே பிரான்சு நாட்டு ஓவியர் மார்செல் துய்சாம் 1920ஆம் ஆண்டு முதல் ‘ரோசு செலாவி’ என்னும் பெண்ணின் பெயரால் ஆக்கங்களில் ஒப்பமிட்டதோடு, பெண்ணுடையில் நிழற்படத்திற்கும் நின்றார்.

ஈழத்து எழுத்துலகில் இப்பண்பு சிறிய அளவிற் புனைபெயர் வாயிலாக வெளிப்பட்டது. இரசிகமணி கனக செந்திநாதன் ‘கரவைக்கவி கந்தப்பனார்’ என்னும் பெயரில் ஈழகேசரியில் எழுத்தாளரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் அறிமுகமானவை. கரம்பனிற் பிறந்த காவலூர் இராசதுரை தம் பெயரோடு ஊரையும் சுமந்தார். ஆனால் இப்பொருளின் முழு ஆழத்தையும் காட்டுபவர் அல்லைப்பிட்டியில் 1967இற் பிறந்த சோபாசக்தி. இயற்பெயர் அந்தோனிதாசன். இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, பின் அதனை விட்டு நீங்கி, 1993இற் பிரான்சை அடைந்து ஏதிலியானவர். ஏதிலி நிலை வேண்டுவோன் தன் வாழ்க்கையை அலுவலர் நம்புமாறு எழுதிக் கொடுத்தல் வேண்டும். தன்னைத் தானே ஒரு பாத்திரமாக்கிக் காட்டினாலன்றி அவனுக்குப் புகலிடம் இல்லை. 2001இல் வெளிவந்த ‘கொரில்லா’ நாவலில் இவர் அவ்விண்ணப்ப மனுவையே இலக்கிய வடிவமாக்கினார். கதை தீவுப்பகுதியில் நிகழ்கின்றது. ஆசிரியரின் சொந்தப் பெயரும் அதனுள் உலவுகின்றது. எது வாழ்வு, எது புனைவு என்னும் கோடு வேண்டுமென்றே அழிக்கப்படுகின்றது.

இவரே 2015இல் சாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது அப்படத்துக்குக் கிடைத்தது. கதை இது: போரின் முடிவில் சிவதாசன் என்னும் முன்னாட் போராளி, இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டைப் பெறுகின்றான். முன்பின் அறியாத ஒரு பெண்ணும் தாயற்ற ஒரு சிறுமியும் அவன் மனைவியாகவும் மகளாகவும் நடிக்க, மூவரும் பிரான்சிற் குடும்பமென வாழ்கின்றனர். நாளடைவில் நடிப்பு வாழ்வாகின்றது. பொய்க் குடும்பத்தில் மெய்யான அன்பும் சினமும் அச்சமும் தோன்றுகின்றன. இக்கதையில் ஏறத்தாழப் பாதி தம் வாழ்வே என்று சோபாசக்தி நேர்காணல்களிற் கூறியதுண்டு. அந்தோனிதாசன் சோபாசக்தியாகி, சோபாசக்தி சிவதாசனாகி, சிவதாசன் தீபனாகும் இவ்வடுக்கில் வேற்றுரு கலைஞனின் விளையாட்டன்று. உயிர் பிழைத்தற்குரிய வழியாகும்.

இவ்விடத்தில் அறம் பற்றிய வினா எழும். வேற்றுருவெடுத்தல் பொய்யன்றோ? திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திற் போலித் துறவுக் கோலத்தைக் கடிந்தார். பெரிய புராணத்தில் முத்தநாதன் திருநீற்றுக் கோலத்துட் கத்தியை மறைத்துச் சென்று மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தினான். எனினும், அக்கோலத்தை மதித்த நாயனார் பகைவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்துமாறு பணித்தார். கோலத்தைக் கொண்டவன் பொய்யனாயினும் கோலம் குறிக்கும் பொருள் மெய்யே என்பது அவர் துணிபு. ஆகவே, பிறரை வஞ்சித்துப் பயன்பெறும் கோலம் வேறு; தன்னையும் பிறரையும் அறிதற்கு மேற்கொள்ளும் கோலம் வேறு. முன்னையது காண்பாரின் அறியாமையை வேண்டி நிற்கும். பின்னையது அவர்தம் அறிவைத் துணைக்கொள்ளும். இரண்டிற்கும் நடுவே, வேறு வழியின்றி இறந்தோன் பெயரைச் சூடிய ஏதிலி நிற்கின்றான். அவனை முத்தநாதனோடு ஒருங்கு வைத்தல் நீதியாகாது.

தீவுகளுக்கே இரட்டைப் பெயர்கள் அமைந்துள்ளன. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனவும், வேலணைத் தீவுக்கு லைடன் எனவும், நயினாதீவுக்கு ஹார்லெம் எனவும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். ஆங்கிலத்தில் நெடுந்தீவு இன்றும் டெல்வ்ற் என வழங்குகின்றது. பெயர் மாறியதனால் மண் மாறிவிடவில்லை. ஆயினும் 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு தீவுமக்களிற் பெரும்பாலோரை ஊரினின்று அகற்றிற்று. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்னும் நூலில் அவ்வெறுமையைப் பாடினார். அவருடைய முன்னைய நூலொன்றின் பெயர் ‘அகங்களும் முகங்களும்’ என்பதாகும்.

வெளிநாடுகளில் வளரும் தீவு வழித்தோன்றல்கள் பலர் வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக வாழ்கின்றனர். இருமையைக் குறையென நாணுதல் வேண்டாம். அதனைக் கலையாக்கிய முன்னோர் பலர் உளர். வேற்றுருக் கொண்டவர் இன்ன காரணத்தால் இதனைக் கொண்டேன் என்பதை மறவாதிருத்தலும், காண்பார் கோலத்தையும் ஆளையும் வேறு வேறாக அறிதலுமே வேண்டப்படுவன. காயசண்டிகையாகவும் துறவியாகவும் திரிந்த மணிமேகலைக்கு, இறுதியிற் காஞ்சியில் அறவணவடிகளிடம் அறங்கேட்டுத் தவம் பூண்டபோது, எவ்வேற்றுருவும் வேண்டப்படவில்லை.