செங்காந்தளும் மனித நிறக்கோல்களும்

மணிமுத்தாறு அணையைக் கடந்து மலையடிவாரம் நோக்கிச் செல்வோர், மழைக்காலத்தில் புதர்களிலும் வேலிகளிலும் தீச்சுடர் போல் மலரும் செங்காந்தளைக் காண்பர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று நாட்டார் வழங்கும் இக்கொடியை மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகவே பயிரிடுகின்றனர். மூட்டுவாத மருந்தாகிய கொல்கிசின் இவ்விதையிலிருந்து எடுக்கப்படுகிறது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, பரம்பரைக் குணங்களைத் தாங்கும் குரோமோசோம் என்னும் நிறக்கோல்களை மெல்லிய இழைகள் இருபுறமும் சமமாக இழுத்துப் பங்கிடுகின்றன. அவ்விழைத் தொகுதிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர், நம் நெசவாளர் நன்கறிந்த ‘கதிர்’ என்பதேயாகும். கொல்கிசின் அவ்விழைகளைக் கூடவிடாது, பங்கீடு நின்றுவிடும்.

இதனால் செடிகளின் நிறக்கோல்கள் இரட்டிப்பதை 1937-இல் அமெரிக்கரான பிளேக்ஸ்லி காட்டினார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு இதனை இட்டு ஆராய்ந்தார்.

மனிதனுக்கு நிறக்கோல்கள் 48 என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. சுவீடனின் லுண்ட் நகரில் சியோ, லெவான் என்னும் இருவர் கொல்கிசினால் உயிரணுப் பிரிவை இடையில் நிறுத்தி எண்ணி, 46 என்று 1956-இல் வெளியிட்டனர். கணக்குத் தெளிந்தபின் குறையும் மிகையும் புலப்பட்டன. டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகளுக்கு ஒரு நிறக்கோல் மிகுதியாக இருப்பதைப் பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்பேன் ஆகியோர் 1959-இல் அறிவித்தனர். 21-ஆம் நிறக்கோல் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே அதன் காரணம்.

இக்குழந்தையைப் பெற்ற தாயைப் பழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. இது அவள் செய்த குற்றமுமன்று, முன்வினையுமன்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகுங்கால் நேரும் பங்கீட்டுப் பிழையே இது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு மிகும். எனினும் இளந்தாய்மாருக்கும் நேர்வதுண்டு. இரத்தப் பரிசோதனையால் இதனை உறுதி செய்யலாம். அச்சோதனையில் இன்றும் கொல்கிசினோ அதன் இனப்பொருளோ பயன்படுகிறது.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். உயிரணுப் பிரிவையே நிறுத்தும் பொருள் கொடிய நஞ்சுமாகும். வள்ளிக்கிழங்கென்று எண்ணி இக்கிழங்கை உண்டு மாண்டோர் உண்டு. விதை உடைக்கும்போது கையுறை அணிதல் வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். விதை மூட்டைகளைத் தானியத்தோடு அடுக்கலாகாது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாவண்ணம் காத்தல் வேண்டும். எவரேனும் உண்டுவிட்டால் கைவைத்தியத்தில் காலம் போக்காது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.