வெளியே வரும் தண்ணீரைப் பாருங்கள்

கடலுக்குப் போகும் முன் மீனவர்கள் வானிலைச் செய்தி கேட்கிறார்கள். காற்று எப்படி வீசும்? அலை எவ்வளவு உயரும்? இந்திய வானிலை ஆய்வுத் துறை இதைச் சொல்கிறது. அதன் தலைமை அலுவலகம் டில்லியில் லோதி ரோட்டில் இருக்கிறது.

புயல் வருவதை அங்கிருந்து சொல்லலாம். வள்ளத்தின் என்ஜின் சூடாவதைச் சொல்ல முடியாது. அதை வள்ளத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி வள்ளங்கள் ஒரு காலத்தில் பாய் விரித்து ஓடின. பிறகு அவற்றின் உள்ளே டீசல் என்ஜின் வைத்தார்கள். இன்று என்ஜின் நின்றால் வள்ளம் காற்று போன பக்கம் போகும். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1976இல் எல்லை வகுத்தார்கள். நின்றுபோன வள்ளத்துக்கு அந்த எல்லை தெரியாது.

என்ஜின் ஏன் கொதிக்கிறது?

டீசல் எரியும்போது பெரும் வெப்பம் உண்டாகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. மீதி வெப்பம் புகையோடும் தண்ணீரோடும் வெளியே போக வேண்டும்.

இதற்காக ஒரு பம்பு கடல் நீரை உள்ளே இழுக்கிறது. அந்த நீர் என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டுகிறது. சில என்ஜின்களில் உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும். அதைக் கடல் நீர் குளிர வைக்கும். எப்படி இருந்தாலும் தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டம் தடைப்பட்டால் என்ஜின் கொதிக்கும். பிஸ்டன் விரிந்து இறுகிப் போகும். என்ஜின் தலைப்பகுதி வெடித்துப் போகலாம்.

முதலில் என்ன செய்வது?

வெளியே கொட்டும் தண்ணீர் குறைகிறதா? ஆவி வருகிறதா? என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். ஆழம் குறைவாக இருந்தால் நங்கூரம் போட வேண்டும்.

சூடான என்ஜின் மேல் கடல் நீரை ஊற்றக் கூடாது. இரும்பு விரிசல் விடும். நல்ல தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீய்ச்சி அடித்து முகம் வெந்துவிடும். என்ஜின் நன்றாக ஆறும் வரை பொறுக்க வேண்டும்.

பிறகு எதைப் பார்ப்பது?

தண்ணீர் போகும் வழியிலேயே தேட வேண்டும்.

1. நீர் உள்ளே வரும் துளை. பிளாஸ்டிக் பையோ பாசியோ அடைத்திருக்கலாம். என்ஜின் ஓடும்போது யாரும் நீரில் இறங்கக் கூடாது. அலை பெரிதாக இருந்தாலும் இறங்கக் கூடாது.

2. சல்லடை. வால்வை மூடிவிட்டுச் சல்லடையைக் கழுவ வேண்டும். பிறகு வால்வைத் திறக்க மறக்கக் கூடாது. மறந்தால் என்ஜின் மறுபடி கொதிக்கும்.

3. பம்பு பெல்ட். அறுந்திருக்கலாம். தளர்ந்தும் இருக்கலாம்.

4. பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதன் இதழ்கள் சீக்கிரம் கிழிந்துவிடும். கிழிந்த துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை குழாயை அடைக்கும்.

5. நல்ல தண்ணீரும் ஆயிலும். என்ஜின் ஆறிய பிறகு அளவு பார்த்து ஊற்ற வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கொதிக்கிறதா? பழைய என்ஜினில் உப்பும் துருவும் உள்வழியில் படிந்திருக்கும். அது கரையில் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. அந்த என்ஜினை வற்புறுத்தி ஓட்டக் கூடாது. பக்கத்து வள்ளத்தை அழைக்கலாம். இந்தியக் கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554. தொலைவில் செல்போன் எடுக்காது. வி.எச்.எஃப். கருவி இருந்தால் 16ஆம் சேனலில் அழைக்க வேண்டும்.

ஒரு பெல்ட், ஒரு ரப்பர்ச் சக்கரம், ஒரு ஸ்பேனர், ஒரு கேன் நல்ல தண்ணீர். இவை எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும். என்ஜின் கிளம்பியதும் வெளியே வரும் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் கரையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊர் வள்ளங்களில் மாற்றுப் பெல்ட் இருக்கிறதா? சல்லடையைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?