முட்டையில்லா ஷார்ட்பிரெட் பிஸ்கட்: வெண்ணெய் இளகாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை எனப் பலகார வாசம் கிளம்பிவிடும். அந்த வரிசையில் உலர்பழமும் சாக்லெட்டும் கலந்த ஷார்ட்பிரெட் பிஸ்கட்டுக்கும் இப்போது பல வீடுகளில் இடம் கிடைத்துள்ளது. மாவு, வெண்ணெய், சீனி ஆகிய மூன்றும்தான் இதன் அடிப்படை. முட்டை தேவையில்லை. அதனால் சைவ உணவு உண்பவர்களும் படையலுக்கு முட்டை கலந்த பலகாரத்தை வைக்க விரும்பாதவர்களும் இதைத் தயங்காமல் செய்யலாம்.

ஆனால் முதல் முறை செய்பவர்களில் பலர் ஏமாந்து போகின்றனர். செய்முறையில் உள்ள அளவு மாறாமல் செய்தும், ஓவனைத் திறந்து பார்த்தால் பிஸ்கட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தோசைபோலப் பரவிக் கிடக்கும். நல்ல வெண்ணெய், உலர்பழம், சாக்லெட் எல்லாமே விலை கூடிய பொருள்கள். ஒரு தட்டு வீணானால் கையும் மனமும் சேர்ந்தே சுடும்.

பெரும்பாலான நேரங்களில் கோளாறு செய்பவரின் கையில் இல்லை. அந்தச் செய்முறை குளிர்நாட்டு அடுப்படிக்காக எழுதப்பட்டது. நம் வீட்டுச் சூட்டுக்கு ஏற்ப அதைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

துரைமார் நாட்டுப் பலகாரம்

ஷார்ட்பிரெட்டின் தாயகம் ஸ்காட்லாந்து. அங்கே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர். ஆகவே தோட்டத்து மக்களுக்கு அந்த நாடு முற்றிலும் அந்நியமானதல்ல.

பெயரில் வரும் ‘ஷார்ட்’ என்ற சொல்லுக்கு இங்கே குட்டை என்று பொருளில்லை. பொலபொலவென உதிரும் தன்மையையே அது குறிக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் இழை இழையாக நீளும். ரொட்டி சானாயை வீசி வீசி மெல்லியதாக்க முடிவது அதனால்தான். ஷார்ட்பிரெட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெண்ணெயின் கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்து, அந்த இழைகளை நீளவிடாமல் தடுக்கிறது. அதனால் பிஸ்கட் வாயில் போட்டதும் கரைகிறது. நம் நெய் உருண்டை வாயில் உதிர்வதற்கும் நெய்யே காரணம். பலகாரம் வேறாக இருந்தாலும் கைப்பக்குவம் நமக்குப் பழகியதுதான்.

ஏன் பரவுகிறது?

வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிசைவதற்கு ஏற்ற பதம் 18 டிகிரி அளவில் இருக்கும். நம் அடுப்படியிலோ பகல் வேளையில் 30 டிகிரி என்பது சாதாரணம். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் கேட்கவே வேண்டாம்.

‘வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைத்து இளக விடவும்’ என்று குளிர்நாட்டுச் செய்முறை சொல்லும். இங்கே ஒரு மணி நேரம் வைத்தால் பாதி எண்ணெயாகிவிடும். அப்படி உருகிய வெண்ணெயில் பிசைந்த மாவு, ஓவனில் மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே வழிந்து பரவும். குளிர்ந்த மாவு ஓவனுக்குள் போனால் வெளிப்பகுதி முதலில் இறுகி, பிஸ்கட் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும்.

ஒன்று, இரண்டு, மூன்று

சீனி ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு என்பதே ஷார்ட்பிரெட்டின் பழைய கணக்கு. இது எடைக் கணக்கு. குவளையால் அளந்தால் ஒருவர் அழுத்தி நிரப்புவார், இன்னொருவர் லேசாக நிரப்புவார். அதனால் சிறிய தராசு ஒன்று அவசியம்.

கடைகளில் கிடைக்கும் 250 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்றுக்கான அளவு இது:

• வெண்ணெய் – 250 கிராம்
• மணி சிறிதாக உள்ள காஸ்டர் சீனி – 125 கிராம்
• சாதாரண கோதுமை மாவு – 325 கிராம்
• அரிசி மாவு – 50 கிராம்
• உலர்பழம் – 75 கிராம்
• பொடியாக நறுக்கிய சாக்லெட் – 75 கிராம்
• உப்பு – அரைத் தேக்கரண்டி (உப்பில்லாத வெண்ணெயாக இருந்தால் மட்டும்)

அரிசி மாவு சேர்ப்பது நாம் கண்டுபிடித்த வழியல்ல. ஸ்காட்லாந்திலும் அப்படிச் செய்யும் வழக்கம் உண்டு. அரிசி மாவில் குளூட்டன் இல்லாததால் பிஸ்கட் கூடுதல் மொறுமொறுப்பாக வரும். காஸ்டர் சீனி இல்லையென்றால் சாதாரணச் சீனியை அரைவை இயந்திரத்தில் ஓரிரு சுற்று விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்க மார்ஜரின் சேர்ப்பவர்களும் உண்டு. பிஸ்கட் வரும், ஆனால் மணம் குறையும். பாதிக்குப் பாதி கலந்தால் செலவும் குறையும், வெண்ணெய் மணமும் ஓரளவு நிற்கும்.

செய்யும் முறை

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் எண்ணெய் மினுமினுப்பு தெரியக்கூடாது. அதுதான் பதம்.

வெண்ணெயையும் சீனியையும் மரக்கரண்டியால் ஒன்றுசேரும் வரை கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் காற்று புகுந்து, பிஸ்கட் உப்பிப் பரவும். பிறகு சலித்த மாவுகளையும் உப்பையும் சேர்த்து விரல் நுனியால் பிசிறி, கடைசியில் பழத்தையும் சாக்லெட்டையும் போட்டு ஒன்றாகத் திரட்டுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் உள்ளங்கையால் அழுத்திப் பிசையக் கூடாது. உள்ளங்கைச் சூடு வெண்ணெயை உருக்கும், அழுத்தம் மாவை இறுக்கும்.

திரண்ட மாவை இரண்டாகப் பிரித்து, நாலரை சென்டிமீட்டர் தடிப்பில் நீளமாக உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். நம் நாட்டில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அவசரமென்றால் ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைக்கலாம்.

பின்னர் கூரான கத்தியால் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டி, தாள் விரித்த தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஏறக்குறைய 40 பிஸ்கட்டுகள் வரும். வெட்டும்போது மாவு இளகினால், தட்டோடு மீண்டும் பத்து நிமிடம் குளிரில் வையுங்கள். முதல் தட்டு வேகும்போது இரண்டாவது உருளை வெளியே காத்திருக்கக் கூடாது.

பழத்தில் கவனிக்க வேண்டியது

புதுப்பழம் இதற்கு ஆகாது. அதன் நீர் மாவை நனைத்து, மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். உலர்திராட்சை, கிரான்பெர்ரி, ஏப்ரிகாட், உலர்ந்த மாம்பழம் ஆகியவை பொருந்தும். பினாங்கில் கிடைக்கும் சீனி போட்டு உலர்த்திய ஜாதிக்காயைச் சிறிதளவு நறுக்கிச் சேர்த்தால் தனி மணம் வரும்.

எந்தப் பழமானாலும் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டு இருந்தால் வில்லை வெட்டும்போது உடையும். மேலே துருத்தி நிற்கும் பழம் முதலில் கருகிக் கசக்கும் என்பதால், அடுக்கியதும் அதை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள்.

சாக்லெட்டில் இரண்டு வகை

கொக்கோ வெண்ணெயில் செய்த சாக்லெட் ஒரு வகை. அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பில் செய்த ‘காம்பவுண்ட்’ சாக்லெட் இன்னொரு வகை. பொட்டலத்தின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலைப் படித்தால் தெரியும். மாவுக்குள் கலப்பதற்கு முதல் வகையே சுவையில் சிறந்தது.

சுட்ட பிஸ்கட்டின் பாதியைச் சாக்லெட்டில் தோய்க்க நினைப்பவர்களுக்குக் காம்பவுண்ட் வசதியானது. கொக்கோ வெண்ணெய் சாக்லெட்டைச் சரியான பதத்தில் சூடாக்கி ஆற்றவில்லையென்றால் அது நம் வெயிலில் இறுகாது, வெள்ளை பூத்தும் போகும். அந்த வெள்ளைப் படிவத்தால் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் குறை. சாக்லெட் உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது. விழுந்தால் கட்டி தட்டிவிடும்.

ஓவன் சூடு

ஓவனை 160 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். காற்றாடி உள்ள ஓவனுக்கும் ஏர் ஃப்ரையருக்கும் 140 டிகிரி போதும். 18 முதல் 22 நிமிடத்தில் வெந்துவிடும். மேசை ஓவன்களில் ஒரு பக்கம் சூடு கூடுதலாக இருக்கும் என்பதால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

ஓரம் இளம்பொன் நிறமாகி, நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தொட்டால் மென்மையாக இருக்கிறதே என்று மீண்டும் உள்ளே தள்ளுவதுதான் பலர் செய்யும் தவறு. ஆறும்போதுதான் ஷார்ட்பிரெட் இறுகும். பத்து நிமிடம் தட்டிலேயே இருக்கட்டும். சூட்டோடு தூக்கினால் உடைந்துவிடும்.

போத்தலில் போடுமுன்

முழுமையாக ஆறாமல் மூடினால் உள்ளே நீராவி கட்டி, மறுநாளே பிஸ்கட் நமத்துப்போகும். நம் நாட்டுக் காற்றிலும் ஈரம் அதிகம். ஆகவே காற்றுப் புகாத போத்தலில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். நமத்துவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. உருட்டிய மாவை ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். வார இறுதியில் பிசைந்து வைத்துவிட்டு, பெருநாளுக்கு முந்திய சில இரவுகளில் ஒவ்வோர் உருளையாக வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம். பலகார வேலை முழுவதும் கடைசி இரண்டு நாளில் அம்மாவின் தலையில் விழாது.

திறந்த இல்ல உபசரிப்புக்கு முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்றால், சாக்லெட், மார்ஜரின் பொட்டலங்களில் ஹலால் முத்திரை உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள். சிலவகை வெண்ணிலா எசன்ஸில் மதுசாரம் இருக்கும். ஷார்ட்பிரெட்டுக்கு வெண்ணெய் மணமே போதும் என்பதால் அதை விட்டுவிடலாம். கோதுமையும் பாலும் ஒத்துக்கொள்ளாத விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் முறை செய்பவர்கள் ஒரே ஒரு பிஸ்கட்டை மட்டும் வெட்டிச் சுட்டுப் பார்க்கலாம். பரவினால் மீதி மாவை இன்னும் ஒரு மணி நேரம் குளிரில் வையுங்கள். பரவாமல் நின்றால் முழுத் தட்டையும் தைரியமாக உள்ளே தள்ளலாம். ஒரு பிஸ்கட் போனாலும் ஒரு கட்டி வெண்ணெய் மிஞ்சும்.