நகரம் சூட்டிய பெயர்கள் – 17: லஸ்ஸில் ஒரு வள்ளல், மாம்பலத்தில் ஓர் அரசர்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையை ஒட்டி ஏறத்தாழ நான்கு ஏக்கரில் பரந்திருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா, ஒரு காலத்தில் மழைநீர் தேங்கி நின்ற குட்டையை மேடாக்கி உருவாக்கப்பட்டது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரும், மர நிழலில் செய்தித்தாள் படிப்போரும், சதுரங்கக் கட்டத்தைச் சுற்றி அமர்ந்திருப்போரும் அதை 'நாகேஸ்வர ராவ் பார்க்' என்றே குறிப்பிடுகின்றனர். பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், மூத்தவர்கள் 'அமிர்தாஞ்சன்காரர்' என்று விடை தருவார்கள். அந்த விடை சரியானதுதான் என்றாலும், ஒரு நகரம் தன் பூங்காவுக்குப் பெயர் தேடும்போது ஒரு தைல வணிகரை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதை விளக்க அது போதாது.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1867இல் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்து, பிழைப்புக்காகப் பம்பாய்க்குச் சென்று, 1893இல் அங்கே அமிர்தாஞ்சன் என்னும் வலிநிவாரணித் தைலத்தைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இசை அரங்குகளில் அதை இலவசமாக வழங்கியே மக்களிடம் பழக்கினார் என்று கூறப்படுவது, விளம்பரக் கலை இன்னும் முதிராத அக்காலத்தில் மிகுந்த சாமர்த்தியமான உத்தி என்றே கொள்ள வேண்டும். தைலத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1908இல் பம்பாயிலிருந்து 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வார இதழை வெளியிட்டார். 1914இல் தொழிலையும் பத்திரிகையையும் சென்னைக்கு மாற்றியபோது அது நாளிதழாயிற்று. 1924இல் 'பாரதி' என்னும் இலக்கிய மாத இதழும், பின்னர் குறைந்த விலையில் நூல்களை வெளியிடும் ஆந்திர கிரந்தமாலா என்ற பதிப்பு வரிசையும் அவர் பணத்தில் தோன்றின. நூலக இயக்கம், மாணவர் கல்வி, காங்கிரஸ் பணி, உப்புச் சத்தியாக்கிரகம் என அவர் கை நீளாத பொதுக்காரியம் அக்காலத் தெலுங்கு உலகில் அரிது; அதனால்தான் 'நாட்டை உய்விப்பவர்' என்னும் பொருளுடைய தேசோத்தாரக என்ற பட்டமும், 'உலகுக்கே கொடுப்பவர்' என்னும் பொருளுடைய விசுவதாதா என்ற பட்டமும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

லஸ்ஸில் இருந்த அவருடைய 'ஸ்ரீபாக்' இல்லத்தில்தான், 1937 நவம்பர் 16 அன்று, கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் கூடி, தனி ஆந்திர மாநிலம் அமையும்போது பின்தங்கிய பகுதிக்கு எவ்வகைப் பாதுகாப்புகள் தரப்பட வேண்டும் என்பதை உடன்படிக்கையாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாகேஸ்வர ராவ் மறைந்தார். அந்த உடன்படிக்கை கனவு கண்ட மாநிலம் 1953இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே மயிலாப்பூர் வட்டாரத்தில் பொட்டி ஸ்ரீராமுலு அம்மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். சென்னை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இரு மொழியினரிடையே கடும் கசப்பை விளைவித்தது. அவ்வளவு கொந்தளிப்புக்குப் பிறகும் தமிழ்ச் சென்னையின் நடு இதயத்தில் ஒரு தெலுங்கு வள்ளலின் பெயரைத் தாங்கிய பூங்கா அப்பெயரோடேயே இருந்து வருகிறது என்பதை, நகரங்களின் நினைவுக்கு அரசியலைவிட நீண்ட ஆயுள் உண்டு என்பதற்குச் சான்றாகக் காட்டலாம்.

பூங்காக்களுக்கு மனிதர் பெயர் அமையும் வழிகள் இரண்டு. நிலமோ பணமோ கொடுத்தவரின் பெயர் அக்கொடையின் அடையாளமாகவே நின்றுவிடுவது ஒன்று. இதைக் கொடைப்பெயர் எனலாம். ஒருவருடைய முழுப் பொதுவாழ்வையும் எண்ணிப் பார்த்து, பெரும்பாலும் அவர் மறைந்த பிறகு, நகரம் தானாக முன்வந்து சூட்டுவது மற்றொன்று, இது நினைவுப்பெயர். நாகேஸ்வர ராவின் பெயர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது: அவர் பூங்கா கேட்கவில்லை, நூல்களும் இதழ்களும் கொடுத்தார், பூங்காவை நகரம் அவருக்குக் கொடுத்தது. முதல் வகையில் எவ்வளவு எளிதாகக் கொடையாளர் மறைந்துபோக முடியும் என்பதற்குக் கொழும்பு ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள பெரும் பூங்காவுக்கான நிலத்தை சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற செல்வந்தர் கொடுத்ததாகக் கூறப்படுகிறது. ஆங்கிலேயர் அதற்கு விக்டோரியா மகாராணியின் பெயரை வைத்தனர். விடுதலைக்குப் பின் அது விகாரமகாதேவி என்னும் பண்டைய சிங்கள அரசியின் பெயருக்கு மாறியது. இரு அரசியருக்கு இடம் கிடைத்தது, கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

விக்டோரியாவின் பெயருக்கு நேர்ந்த கதியே சென்னையில் ஆளுநர் பெயர்களுக்கும் நேர்ந்தது. நேப்பியர் பூங்கா மே தினப் பூங்காவாயிற்று. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நிகழ்ந்த ராயபுரம் ராபின்சன் பூங்கா அறிஞர் அண்ணாவின் பெயரைப் பெற்றது. பதவியில் இருந்தவருக்குப் பதவியின் பொருட்டுக் கொடுத்த பெயர், அந்தப் பதவி இல்லாது போனதும் தாங்க ஆளின்றி விழுந்ததில் வியப்பில்லை.

தியாகராய நகரின் நிலை சற்று வேறு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று வழங்கிய ஏரியின் நீர் 1923 வாக்கில் வடிக்கப்பட்டு, 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்த பின்னணியில் அப்பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் பிறந்த குடியிருப்பாதலால், சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் அக்கட்சியினரின் பெயர்களே பெருவாரியாக அமைந்தன. நடுவில் உள்ள பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து 1928இல் மறைந்த பனகல் அரசர் ராமராயநிங்கருக்கு உரியது. வெங்கட்நாராயணா சாலையில் உள்ள பூங்கா, நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான மருத்துவர் சி. நடேச முதலியாரின் பெயரைத் தாங்குகிறது. கல்லூரியில் இடம் கிடைத்தும் தங்க இடம் கிடைக்காத பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்திய நடேசர், கொடை என்னும் சொல்லுக்கு அரசரைவிட நெருக்கமானவர் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆயினும் கடைத்தெருவின் வலிமையால் 'பனகல் பார்க்' என்பது பட்டுப்புடவைக் கடைகளுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இப்போது சுரங்க மெட்ரோ நிலையத்துக்கும் உரிய பெயராகப் பரவ, நடேசன் பூங்கா அக்கம்பக்கத்தாரின் பூங்காவாகவே அடங்கியிருக்கிறது.

பனகல் அரசரைக் கொடையோடு இணைக்கும் உண்மையான இழை வேறிடத்தில் உள்ளது. அவர் காலத்தில் 1925இல் நடைமுறைக்கு வந்த இந்து அறநிலையச் சட்டம், முன்னோர் கோயிலுக்கு எழுதி வைத்த நிலமும் பணமும் எழுதியவர் எண்ணிய காரியத்துக்கே செலவாகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. கொடுப்பது ஒரு நாள் செயல், கொடுத்ததைக் காப்பது தலைமுறைகளின் செயல் என்ற இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குத் திருநந்தவனம், அதாவது பூசைக்குப் பூ தரும் தோட்டம், அமைத்தவர் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. தண்ணீர் இறைப்பவருக்கும் பூப்பறிப்பவருக்கும் உணவும் உடையும் கிடைக்கத்தக்க விளைநிலத்தையும் சேர்த்தே எழுதினார். அப்படி ஒதுக்கிய நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. 'புறம்' என்பது ஒரு காரியத்தின் செலவுக்கென விடப்பட்ட மானிய நிலம். தோட்டம் அரசர் பெயராலோ அடியார் பெயராலோ வழங்கலாம். தண்ணீர் இறைப்பவரின் கூலி எங்கிருந்து வரும் என்பது கல்லில் தெளிவாக இருக்கும்.

இன்றைய பூங்காக்களில் பெயரும் பராமரிப்பும் இவ்வாறு ஒரே ஆவணத்தில் பிறப்பதில்லை. நாகேஸ்வர ராவ் பூங்கா மாநகராட்சியின் உடைமை. அதைப் பேணி வருவது சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஒலிபெருக்கியில்லாமல் நடக்கும் சிறுவர் கச்சேரிகளும் அந்நிறுவனத்தின் ஆதரவில் நடப்பவையே. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்த பிறகு, இத்தகைய தத்தெடுப்புக்குச் சட்டத்தின் உந்துதலும் சேர்ந்துகொண்டது. பேணுபவர் பலகையில் சிறிய எழுத்தில் இருக்க, நினைவுகூரப்படுபவர் வாயிலில் பெரிய எழுத்தில் இருக்கும் மயிலாப்பூர் முறை நாகரிகமானது. பேணுதற்குரிய விலையாகப் பூங்காவின் பெயரையே கேட்கும் நிலை வருமானால், நினைவுப்பெயர் என்பதே விளம்பர ஒப்பந்தமாக மாறிவிடும்.

அடையாறுப் பக்கம் சென்றால் வேறொரு போக்கு தென்படுகிறது. காந்தி நகர், கஸ்தூரிபா நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் என்று குடியிருப்புகளே தேசத் தலைவர்களின் பெயரைக் கொண்டுவிட்டதால், அவற்றின் உள்ளே இருக்கும் சிறு பூங்காக்கள் பெரும்பாலும் தெரு எண்ணையே அடையாளமாகக் கொண்டுள்ளன. 2010இல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும், அதையடுத்து அடையாற்றுக் கழிமுகத்தை மீட்டு 58 ஏக்கரில் உருவாக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவும் மொழியையும் இலக்கண நூலையும் நோக்கித் திரும்பின. மொழிக்குப் பெயர் வைப்பதில் யாரும் குறைகாண மாட்டார்கள் என்பது அதன் வசதி. வட்டாரத்தில் வாழ்ந்து உழைத்த எவரையும் அது நினைவூட்டாது என்பது அதன் குறை.

இந்நகரில் இன்று புதிய பூங்காக்களுக்கான நிலம் கணிசமாக வருவது மாமன்றத்தின் முயற்சியாலன்று, திறந்தவெளி ஒதுக்கீடு என்னும் விதியால். ஓ.எஸ்.ஆர். என்று கட்டுநர்களும் பத்திர எழுத்தர்களும் சுருக்கிச் சொல்லும் இவ்விதியின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுவோர், சாலைகளைக் கழித்து எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குக் கட்டாயமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரையான மனைகளுக்கு நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்தவும் இடமுண்டு. அப்படி எழுதும் ஆவணத்துக்குச் சட்டத்தில் தானப் பத்திரம் என்றே பெயர். கட்டாயத்தால் கொடுப்பதைத் தானம் என்று அழைக்கும் இந்த ஏற்பாட்டில் பெயர் சூட்டத்தக்க கொடையாளர் எவரும் இல்லை. ஆகவே நாகேஸ்வர ராவுக்கும் நடேசருக்கும் செய்ததைப் போல, அந்தந்த வட்டாரத்தில் பள்ளி நடத்தியவரையோ மருத்துவம் பார்த்தவரையோ நூலகம் வைத்தவரையோ தேடிப் பெயரிடும் வாய்ப்பு மாமன்றத்துக்கு முழுமையாகத் திறந்திருக்கிறது. வாயிற்பலகையில் பெயருக்குக் கீழே அவர் யார் என்று நான்கு வரி சேர்த்து எழுதினால், 'அமிர்தாஞ்சன்காரர்' என்ற அளவோடு எவரும் நின்றுவிட வேண்டியிராது.

(தொடரும்)